தட்டச்சு செய்யும்போதே சொல்லுக்கு வண்ணம்: டெக்ஸ்ட்ஏரியாவில் என்ன கோளாறு, எங்கே பார்ப்பது

மேலே ஒரு தேடல் கட்டம், கீழே எழுதுவதற்கு ஒரு டெக்ஸ்ட்ஏரியா. கட்டத்தில் ஒரு சொல்லைப் போட்டுவிட்டுக் கீழே எழுதிக்கொண்டே போனால், அந்தச் சொல் வருகிற இடமெல்லாம் உடனுக்குடன் மஞ்சளாக வேண்டும். மெய்ப்புத் திருத்துகிறவர்களுக்கும், கலைச்சொல் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கிறவர்களுக்கும் இது அன்றாடத் தேவை. இதற்கான நிரல் துண்டுகள் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இரண்டு வரி தட்டிப் பார்த்துச் சரி என்று விடப்பட்டவை. தமிழில் நாலு பத்தி எழுதிப் பார்க்கும்போதுதான் கோளாறு ஒவ்வொன்றாகக் கிளம்பும்.

அந்தக் கோளாறுகளைக் கண்ணில் படும் அறிகுறியை வைத்தே கீழே பிரித்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிகிற அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் ஏற்பாடு என்ன என்பதை மட்டும் முதலில் படித்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

டெக்ஸ்ட்ஏரியாவுக்குள் இருப்பது வெறும் எழுத்துச்சரம். அதன் நடுவே ஒரு சொல்லை மட்டும் பிடித்து நிறம் கொடுக்க எச்டிஎம்எல்-இல் வழியே கிடையாது. அதனால் டெக்ஸ்ட்ஏரியாவைத் தொடாமல், அதற்கு நேர் பின்னால் அதே அளவில் ஒரு டிவ்வை, அதாவது எதையும் வைக்கக்கூடிய வெற்றுப் பெட்டியை, வைக்கிறோம். டெக்ஸ்ட்ஏரியாவில் இருக்கும் அதே எழுத்துகள் டிவ்விலும் இருக்கும், ஆனால் அங்கே எழுத்தின் நிறம் ஒளிபுகும் நிறம், அதாவது கண்ணுக்குத் தெரியாது. பொருந்துகிற சொற்களை மட்டும் மார்க் டேக்கில் சுற்றுகிறோம், அவற்றின் பின்னணி மஞ்சள். மேலே இருக்கும் டெக்ஸ்ட்ஏரியாவின் பின்னணியும் ஒளிபுகும் நிறம். கண்ணாடியில் எழுதிவிட்டு அடியில் வண்ணக் காகிதத் துண்டுகளை வைப்பது மாதிரி. இனி டெக்ஸ்ட்ஏரியாவை மேல்பெட்டி என்றும், டிவ்வைப் பின்பெட்டி என்றும் சொல்கிறேன்.

வண்ணமே தெரியவில்லை

டெவலப்பர் டூல்ஸைத் திறந்து பின்பெட்டிக்குள் மார்க் டேக் உருவாகியிருக்கிறதா என்று பாருங்கள். உருவாகியிருந்தால் கோளாறு சிஎஸ்எஸ்-இல், இல்லையென்றால் ஜாவாஸ்கிரிப்டில். இந்த ஒரு பார்வையிலேயே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

சிஎஸ்எஸ் பக்கம் என்றால், டெக்ஸ்ட்ஏரியாவுக்கு உலாவி தானாகவே வெள்ளைப் பின்னணி தருகிறது என்பதை நினைவில் வையுங்கள். அதை டிரான்ஸ்பேரன்ட் ஆக்காவிட்டால் அடியில் என்ன வரைந்தாலும் தெரியாது. சில தீம்கள் ஃபோகஸ் வரும்போது மட்டும் பின்னணியைத் திரும்ப வெள்ளையாக்கும். பெட்டிக்கு வெளியே இருக்கையில் வண்ணம் தெரிந்து, உள்ளே க்ளிக் செய்ததும் மறைந்தால் காரணம் அதுதான்.

வண்ணம் தெரிகிறது, ஆனால் பெட்டிக்குள் க்ளிக் செய்யவே முடியவில்லை என்றால் அடுக்கு தலைகீழாக இருக்கிறது. பொசிஷன் அப்சொல்யூட் கொடுத்த பின்பெட்டி, பொசிஷன் எதுவும் கொடுக்காத மேல்பெட்டிக்கு முன்னால் வந்து நிற்கும். மேல்பெட்டிக்கு பொசிஷன் ரிலேட்டிவும், பின்பெட்டியைவிட அதிகமான இசட்-இன்டெக்ஸும் கொடுங்கள்.

ஒரு எழுத்து பின்தங்கி வருகிறது, அல்லது ஒட்டினால் வருவதில்லை

தவறான ஈவென்டை, அதாவது ஏதாவது நடந்ததும் உலாவி அனுப்பும் அறிவிப்பை, கேட்கிறீர்கள். கீடவுன் நடக்கும்போது பெட்டியின் மதிப்பு இன்னும் மாறியிருக்காது, அதனால் எப்போதும் ஒரு எழுத்து பின்தங்கும். கீஅப்பைக் கேட்டால் சுட்டியால் ஒட்டுவது, இழுத்துப் போடுவது, குரலில் சொல்லி எழுதுவது எல்லாம் விட்டுப்போகும். சேஞ்ச் ஈவென்ட் பெட்டியை விட்டு வெளியேறிய பிறகுதான் வரும். ஆண்ட்ராய்டு விசைப்பலகைகளில் எந்த விசையைத் தட்டினாலும் கீகோடு 229 என்றே வருவது சகஜம், அதனால் விசையை வைத்து முடிவெடுக்கும் நிரல் அங்கே குருடாகிவிடும்.

கேட்க வேண்டியது இன்புட் ஈவென்ட் ஒன்றுதான். மதிப்பு எந்த வழியில் மாறினாலும், பயனர் மாற்றியதாக இருந்தால், அது வந்துவிடும். உங்கள் நிரலே மதிப்பை மாற்றினால் மட்டும் வராது. அங்கே வரையும் ஃபங்ஷனை நீங்களே கூப்பிட வேண்டும். ஃபார்மை ரீசெட் செய்யும்போதும் அப்படித்தான். பயனர் வேறு பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தால், அவர் எழுதியதை உலாவி பெட்டியில் மீட்டு வைத்திருக்கும், ஆனால் இன்புட் வந்திருக்காது. பேஜ்ஷோ ஈவென்டில் ஒரு முறை வரைந்துவிடுங்கள்.

வண்ணம் பட்ட சொல் மட்டும் தடித்துத் தெரிகிறது

மார்க் டேக்குக்கு மஞ்சள் பின்னணி மட்டுமல்ல, கறுப்பு எழுத்து நிறமும் உலாவியே தருவது. பின்பெட்டிக்கு ஒளிபுகும் நிறம் கொடுத்திருந்தாலும் மார்க்குக்குள் இருக்கும் எழுத்து கறுப்பாகவே வரையப்படும். அதன்மேல் மேல்பெட்டியின் எழுத்தும் விழுவதால் இரட்டை அச்சு மாதிரி தெரிகிறது. மார்க்குக்கும் கலர் டிரான்ஸ்பேரன்ட் என்று தனியாகக் கொடுங்கள்.

இதற்கு நேர்மாறாக, மேல்பெட்டியின் எழுத்தை மறைத்துப் பின்பெட்டியின் எழுத்தைக் காட்டுகிறவர்களும் உண்டு. வண்ணச் சொல்லின் எழுத்து நிறத்தையும் மாற்றலாம் என்பதால் அது கவர்ச்சியாகத் தோன்றும். நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் பயனர் பார்ப்பது உண்மையான எழுத்து இல்லை, நகல். நகல் வரையச் சற்றுத் தாமதமானாலும் விசையைத் தட்டியும் எழுத்து வராதது போல் இருக்கும்.

வண்ணம் சொல்லை விட்டு நகர்ந்து நிற்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், ஆகவே பொறுமையாகப் பார்ப்போம். முதலில் பின்பெட்டியின் எழுத்துக்குத் தற்காலிகமாகச் சிவப்பு நிறம் கொடுங்கள். கறுப்பும் சிவப்பும் எங்கே பிரிகின்றன என்று கண்ணாலேயே பார்க்கலாம். எப்படிப் பிரிகின்றன என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

முதல் எழுத்திலிருந்தே ஒரே அளவு விலகல் என்றால் பேடிங்கும் பார்டரும். குரோமில் டெக்ஸ்ட்ஏரியாவுக்கு 2 பிக்சல் பேடிங், 1 பிக்சல் பார்டர் தானாக உண்டு. டிவ்வுக்கு இரண்டும் கிடையாது. இரண்டு பெட்டிக்கும் ஒரே பேடிங், ஒரே தடிமனில் பார்டர், பாக்ஸ்-சைசிங் பார்டர்-பாக்ஸ் என்று நீங்களே எழுதுங்கள். பின்பெட்டியின் பார்டர் நிறம் மட்டும் ஒளிபுகட்டும்.

வரி போகப்போக விலகல் கூடினால் எழுத்துரு வேறு. டெக்ஸ்ட்ஏரியா பக்கத்தின் எழுத்துருவைத் தானாக வாங்கிக்கொள்ளாது. குரோமில் அதன் இயல்பு மோனோஸ்பேஸ், 13.333 பிக்சல். டிவ்வோ பக்கத்தின் எழுத்துருவை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஃபான்ட் இன்ஹெரிட் என்று இரண்டுக்கும் கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். லெட்டர்-ஸ்பேசிங், வேர்ட்-ஸ்பேசிங், டேப்-சைஸ் மூன்றையும் சேர்த்து ஒப்பிட்டுவிடுங்கள்.

வண்ணச் சொல்லுக்குப் பிறகு மட்டும் விலகல் தொடங்கினால் குற்றவாளி மார்க். அழகுக்காக அதற்குப் பேடிங்கோ தடித்த எழுத்தோ கொடுத்திருப்பீர்கள். இரண்டும் அகலத்தை மாற்றும். சொல்லைச் சுற்றிக் கொஞ்சம் விளிம்பு வேண்டுமானால் அதே மஞ்சளில் 2 பிக்சல் பாக்ஸ்-ஷேடோ போடுங்கள், அது இடத்தை அடைக்காது. மூலையை உருட்டுவதிலும் தொல்லை இல்லை.

கீழே போகப்போக மேலும் கீழுமாக விலகினால் வரியின் உயரம். லைன்-ஹைட் நார்மல் என்று இருக்கும்போது உயரத்தை எழுத்துரு தீர்மானிக்கிறது. நீங்கள் கேட்ட எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் உலாவி விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ என்று வேறொன்றை எடுத்துக்கொள்ளும். தமிழ் உள்ள வரி ஒரு உயரம், ஆங்கிலம் மட்டும் உள்ள வரி ஒரு உயரம் என்றாகிவிடும். இரண்டு பெட்டிக்கும் 1.6 மாதிரி ஒரு எண்ணையே கொடுத்துவிடுங்கள். தமிழின் மேல் சுழிக்கும் கீழ்க் கொக்கிக்கும் அந்த இடைவெளி வாசிக்கவும் நல்லது.

வரி உடையும் இடம் மாறினால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பின்பெட்டிக்கு ஒயிட்-ஸ்பேஸ் ப்ரீ-ராப், ஓவர்ஃப்ளோ-ராப் பிரேக்-வேர்ட் இரண்டும் இல்லை. இவை டெக்ஸ்ட்ஏரியாவின் இயல்பு, டிவ்வுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்னொன்று ஸ்க்ரோல்பார். எழுத்து நிறைந்து மேல்பெட்டிக்கு ஸ்க்ரோல்பார் வந்ததும் விண்டோஸில் ஏறத்தாழ 15 முதல் 17 பிக்சல் அகலம் குறையும், பின்பெட்டிக்குக் குறையாது. மேக்கில் ஸ்க்ரோல்பார் பெரும்பாலும் எழுத்தின் மேலேயே மிதப்பதால் அங்கே சோதித்தவருக்கு இந்தக் கோளாறு தென்படவே செய்யாது. இரண்டு பெட்டிக்கும் ஓவர்ஃப்ளோ-ஒய் ஸ்க்ரோல் என்று வைத்தால் அகலம் எப்போதும் ஒன்றாக இருக்கும்.

கடைசி வரிக்கு உருட்டும்போது மட்டும் வண்ணம் ஒரு வரி தள்ளி நிற்கிறதா? பயனர் கடைசியாக என்டர் தட்டியிருக்கிறார். டெக்ஸ்ட்ஏரியா அந்தக் காலி வரிக்கும் உயரம் கொடுக்கும். டிவ்வோ முடிவில் இருக்கும் ஒரு வரிமுறிவைக் கணக்கில் எடுப்பதில்லை. பின்பெட்டியின் முடிவில் எப்போதும் கூடுதலாக ஒரு வரிமுறிவைச் சேர்த்துவிடுங்கள்.

ஐஃபோனில் மட்டும் இடது வலது இரண்டிலும் சிறு விலகல் தெரிந்தால், அங்கே டெக்ஸ்ட்ஏரியாவுக்குள் சுமார் 3 பிக்சல் உள்விளிம்பு உண்டு, அது பேடிங்கைச் சுழியமாக்கினாலும் போகாது. பின்பெட்டியின் பேடிங்கில் அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். எழுத்தின் அளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐஃபோன் ஃபோகஸின்போது பக்கத்தையே பெரிதாக்கும், அதையும் சேர்த்துத் தவிர்க்கலாம்.

உருட்டும்போது வண்ணம் பின்னால் இழுபட்டு வருவது வேறு கதை. மேல்பெட்டியின் ஸ்க்ரோல் ஈவென்டில் ஸ்க்ரோல்டாப்பைப் பின்பெட்டிக்கு நகலெடுத்திருப்பீர்கள். அது தேவைதான். ஆனால் உலாவி முதலில் உருட்டிவிட்டுப் பிறகுதான் ஈவென்டை அனுப்புகிறது, அதனால் வேகமாக உருட்டினால் வண்ணம் ஒரு கணம் தாமதமாக வரும். இதைச் சீர்செய்ய முயல்வதைவிட ஏற்பாட்டையே மாற்றுவது மேல். பின்பெட்டியை இயல்பான ஓட்டத்தில் விடுங்கள், எழுத்துக்கு ஏற்றபடி அது தானாக வளரும். மேல்பெட்டியை அதன்மேல் அப்சொல்யூட்டாக நாலு பக்கமும் சுழியம் வைத்து, அகலமும் உயரமும் 100% என்று கொடுத்துப் பரப்புங்கள். ஸ்க்ரோல் இரண்டையும் சுற்றியிருக்கும் வெளி உறைக்கு மட்டும் இருக்கட்டும். இப்போது இரண்டும் சேர்ந்தே உருள்கின்றன. ஸ்க்ரோல்பார் அகலச் சிக்கலும், ஸ்க்ரோல்டாப் நகலும், வண்ணம் இழுபடுவதும் ஒரே மாற்றத்தில் போய்விடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேராக இந்த அமைப்புக்கே போய்விடலாம். முடிவு வரிமுறிவை மட்டும் இங்கேயும் மறக்கக் கூடாது.

சில குறிகளைத் தட்டினால் எல்லாம் குலைகிறது

பயனர் x<y என்று எழுதியதும் அதற்கு அடுத்துள்ள எழுத்தும் வண்ணமும் காணாமல் போனால், எழுத்தை இன்னர்எச்டிஎம்எல் வழியாக நேரடியாகக் கொட்டுகிறீர்கள். ஆங்கில எழுத்து ஒட்டி வந்தால் உலாவி < குறியை டேக்கின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். பார்வைக் கோளாறோடு இது நிற்பதில்லை. வேறொருவர் அனுப்பிய வரைவில் ஒளிந்திருக்கும் டேக் உங்கள் பக்கத்தில் உயிரோடு இயங்கிவிடும். பாதுகாப்பு ஓட்டை என்றே இதைக் கருத வேண்டும்.

சிறப்புக் குறிகளை முதலில் மாற்றிவிட்டுப் பிறகு தேடுவதும் சரிவராது. & குறி எச்டிஎம்எல்-இல் ஐந்து எழுத்துத் தொடராக மாறுகிறது. அந்தத் தொடருக்குள் இருக்கும் ஆங்கில எழுத்துகளையே தேடல் பிடித்து நடுவில் மார்க்கைச் செருகிவிடும். முறை இதுதான்: மாற்றப்படாத மூல எழுத்தில் தேடுங்கள், கிடைத்த இடங்களை வைத்துத் துண்டுகளாக வெட்டுங்கள், ஒவ்வொரு துண்டையும் டெக்ஸ்ட் நோடாக உருவாக்கிச் சேருங்கள். டெக்ஸ்ட் நோடில் எந்தக் குறியும் வெறும் எழுத்துதான்.

அடுத்தது தேடல் சொல். அதை அப்படியே ரெஜெக்ஸாக, அதாவது சில குறிகளுக்குத் தனிப் பொருள் உள்ள தேடல் வடிவமாக, ஆக்கினால், 'ரூ.500' என்று தேடுகிறவருக்கு 'ரூ 500', 'ரூ-500' எல்லாம் மஞ்சளாகும், ஏனென்றால் ரெஜெக்ஸில் புள்ளி எதற்கும் பொருந்தும். '(திருத்தம்' என்று அடைப்பை மூடாமல் தட்டிக்கொண்டிருக்கையில் சின்டாக்ஸ் எரர் வந்து நிரல் நிற்கும். தட்டிக்கொண்டே தேடும்போது பாதி அடைப்பு வந்துதானே தீரும்? 2025-க்கான ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் ரெஜ்எக்ஸ்ப் எஸ்கேப் என்ற ஃபங்ஷனே வந்துவிட்டது. குரோம் 136, ஃபயர்பாக்ஸ் 134, சஃபாரி 18.2 முதல் இருக்கிறது. நேரடிச் சொல்லைத் தேடுவதற்கு ரெஜெக்ஸே வேண்டாம், இன்டெக்ஸ்ஆஃப் போதும் என்பது என் கருத்து.

எதைப் பயன்படுத்தினாலும் தேடல் கட்டம் காலியாக இருக்கும் நிலையை முதலிலேயே பிடித்துத் திருப்பி அனுப்புங்கள். காலிச்சரம் எல்லா இடத்திலும் கிடைக்கும், நீளமோ சுழியம். லூப் நகராமல் நின்று டேப் உறைந்துவிடும். தேடல் சொல்லை முழுக்க அழித்ததும் பக்கம் செத்துப்போகிறது என்ற புகாருக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஒரு முறை வருகிறது, அடுத்த முறை வரவில்லை, திரும்ப வருகிறது என்று மாறிமாறி நடந்தால், குளோபல் கொடி போட்ட ஒரே ரெஜெக்ஸைத் திரும்பத்திரும்ப டெஸ்ட் செய்கிறீர்கள். அது கடைசியாக நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு அங்கிருந்து தொடரும். மேட்ச்ஆலுக்கு மாறுங்கள்.

ஆங்கிலச் சொல் வருகிறது, தமிழ்ச் சொல் வரவில்லை

முழுச்சொல்லாக மட்டும் பிடிக்க ரெஜெக்ஸின் சொல் எல்லைக் குறியைப் போட்டிருப்பீர்கள். அதன் கணக்கில் 'சொல் எழுத்து' என்றால் ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகளும், 0 முதல் 9 வரையிலான எண்களும், அடிக்கோடும் மட்டுமே. தமிழ் எழுத்து எதுவும் அதற்கு எழுத்தே இல்லை. யூனிகோடு கொடியைப் போட்டாலும் இது மாறாது. 'மரம்' என்ற சொல் இரண்டு இடைவெளிக்கு நடுவே தனியாக நின்றால் அங்கே எல்லையே இல்லை என்று சொல்லிவிடும்.

எல்லையை நீங்களே வரையறுக்க வேண்டும்: சொல்லுக்கு முன்னாலும் பின்னாலும் யூனிகோடு வகைப்படி எழுத்தோ, ஒட்டுக்குறியோ, எண்ணோ இருக்கக் கூடாது. நடுவில் சொன்ன ஒட்டுக்குறி முக்கியம். தமிழின் புள்ளியும் ா, ி, ு போன்ற உயிர்க்குறிகளும் யூனிகோடில் 'எழுத்து' வகையில் இல்லை, 'மார்க்' எனப்படும் ஒட்டுக்குறி வகையில் இருக்கின்றன (மார்க் டேக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை). எழுத்தை மட்டும் சோதித்தால் 'பல' என்று தேடும்போது 'பலா'வின் முதல் இரண்டு எழுத்தும் முழுச்சொல்லாகிவிடும். சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று ரெஜெக்ஸில் பின்னோக்கிப் பார்க்கும் வசதி சஃபாரியில் 16.4-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய சஃபாரியில் அப்படி எழுதிய ரெஜெக்ஸ் நிரலில் நேரடியாக இருந்தால் ஸ்கிரிப்ட் முழுவதுமே ஓடாது.

இப்போது பாதி எழுத்து மஞ்சளாகும் சிக்கல். 'கொடி' என்பது நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. கணினிக்குள் அது க, ொ, ட, ி என்று நான்கு குறிகள். 'க' என்று தேடினால் நிரல் முதல் குறியை மட்டும் பிடித்து, க-வுக்கும் ொ-வுக்கும் நடுவே மார்க்கை மூடும். ொ குறியின் ஒரு பகுதி க-வுக்கு இடப்பக்கம், மறுபகுதி வலப்பக்கம் நிற்பது. அதை நடுவில் வெட்டினால் உலாவியைப் பொறுத்து எழுத்தில் பாதிக்கு மட்டும் வண்ணம் வரும், அல்லது பின்பெட்டியில் புள்ளி வட்டம் முளைத்து அகலம் மாறி, அந்த வரி முழுவதும் நகர்ந்துவிடும். 'நகர்ந்து நிற்கிறது' என்ற பிரிவில் எல்லாம் சரியாகச் செய்தும் தமிழில் மட்டும் விலகினால் இங்கே பாருங்கள்.

தீர்வு இரண்டு. பொருத்தத்துக்கு அடுத்து ஒட்டுக்குறி இருந்தால் அந்த இடத்தை நிராகரிப்பது ஒன்று. ஒட்டுக்குறி முடியும்வரை வண்ணத்தை நீட்டிவிடுவது இன்னொன்று. எதை எடுப்பது என்பது வேலையைப் பொறுத்தது. தட்டத்தட்டத் தேடும் கட்டத்துக்கு நீட்டுவதுதான் இயல்பாக இருக்கும். 'தமிழ்' என்று தேடினால் 'தமிழில்', 'தமிழுக்கு' எதுவும் கிடைக்காது, ஏனென்றால் ழ-வுக்குப் பிறகு புள்ளிக்குப் பதில் வேறு குறி நிற்கிறது. 'தமிழ' என்று நிறுத்தினால், நீட்டும் முறையில் அத்தனையும் முழு எழுத்தோடு மஞ்சளாகும். விலக்க வேண்டிய சொற்களைச் சரிபார்க்கும் கருவி என்றால் நிராகரிப்பதே நல்லது, இல்லாவிட்டால் 'பல' தேடினால் 'பல்'லும் மாட்டும். வேர்ச்சொல்லை ஊகித்து 'மரம்' தேடினால் 'மரத்தை'யையும் காட்டும் வேலையில் இறங்காதீர்கள். தட்டியது எது, காட்டுவது எது என்று பயனருக்குப் புரிய வேண்டும்.

எழுத்து எங்கே முடிகிறது என்று கணக்கிட இன்ட்ல் செக்மென்டர் இருக்கிறது. குரோம் 87, சஃபாரி 14.1, ஃபயர்பாக்ஸ் 125 முதல் உண்டு. ஆனால் அது 'க்ஷ'வை க், ஷ என இரண்டாகவே பிரிக்கும். 'ஸ்ரீ'யும் அப்படியே. கூட்டெழுத்தாக ஒரே உருவில் வரையப்படும் இவற்றை நடுவில் வெட்டக் கூடாது என்று நீங்கள்தான் தனியாகச் சொல்ல வேண்டும்.

கண்ணுக்கு ஒன்றாக இருந்தும் பொருந்தவில்லை என்றால், ஒரே எழுத்து இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. 'கொ'வை க + ொ என்றும் எழுதலாம், க + ெ + ா என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. தேடல் சொல், மூல எழுத்து இரண்டையும் நார்மலைஸ் ஃபங்ஷனால் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவுக்குக் கொண்டுவந்தால் இவை ஒன்றாகிவிடும். 'ஔ'வுக்குப் பதில் ஒ-வும் ள-வும் சேர்த்துத் தட்டியிருந்தால் நார்மலைஸ் உதவாது, அது யூனிகோடைப் பொறுத்தவரை வேறு சொல். முதலெழுத்து ஸ-வா ஶ-வா என்று வேறுபடும் இரண்டு 'ஸ்ரீ'க்களும் அப்படித்தான். இப்படிப்பட்டவற்றுக்குச் சின்னதாக ஒரு மாற்றுப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப்-இலிருந்து ஒட்டிய தமிழில் ெ, ே, ை குறிகள் மெய்க்கு முன்னால் வந்து கிடப்பதும், கண்ணுக்குத் தெரியாத சுழிய அகலக் குறிகள் ஒளிந்திருப்பதும் சகஜம். ஒட்டிய பத்தியில் மட்டும் எதுவும் கிடைக்கவில்லை என்றால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நார்மலைஸ் செய்த பிறகு ஒரு பொறி காத்திருக்கிறது. மூன்று குறி இரண்டாகச் சுருங்கியதால் நீளம் மாறிவிட்டது. சுருங்கிய சரத்தில் கிடைத்த இடத்தை மூலத்தில் போட்டால், அப்படிப்பட்ட எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி வீதம் வண்ணம் முன்னால் வந்துவிடும். மூலத்தை எழுத்தெழுத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியே நார்மலைஸ் செய்து சேர்க்கும்போதே, புதிய சரத்தின் ஒவ்வொரு இடமும் மூலத்தில் எந்த இடம் என்று ஒரு வரிசையில் குறித்துக்கொண்டே வாருங்கள். தேடுவது புதிய சரத்தில், வெட்டுவது மூலத்தில்.

வண்ணமிட வேண்டிய இடங்களைச் சர்வர் அனுப்புகிறது, ஆனால் வண்ணம் தவறி விழுகிறது

விலகல் ஒவ்வொரு வரிக்கும் ஒன்று கூடினால், சர்வர் வரிமுறிவை இரண்டு குறியாக எண்ணுகிறது. டெக்ஸ்ட்ஏரியாவின் மதிப்பில் அது எப்போதும் ஒன்றுதான். விலகல் ஒவ்வொரு எமோஜிக்குப் பிறகும் ஒன்று கூடினால், பைதான் அதை ஒன்றாகவும் ஜாவாஸ்கிரிப்ட் இரண்டாகவும் எண்ணுகின்றன. தமிழ் தொடங்கியதும் தாறுமாறாகப் போனால் சர்வர் பைட்டுகளை எண்ணுகிறது. யூடிஎஃப்-8-இல் க, ா போன்ற தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு.

கர்சர் தாவுகிறது, எழுத்து இரட்டிக்கிறது

டெக்ஸ்ட்ஏரியாவை விட்டுவிட்டு, பயனர் நேரடியாக உள்ளே எழுதத்தக்க கன்டென்ட்எடிட்டபிள் டிவ்வுக்குப் போயிருக்கிறீர்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் இன்னர்எச்டிஎம்எல்லை மாற்றி எழுதும்போது கர்சர் நின்றிருந்த நோடே அழிந்துவிடுகிறது, அதனால் கர்சர் தொடக்கத்துக்குப் போகிறது. கர்சரைச் சேமித்துத் திரும்ப வைத்தாலும் அன்டூ வரலாறு கெட்டுப்போகும்.

தமிழுக்கு இது இன்னும் மோசம். ஆங்கில ஒலியில் தட்டித் தமிழாக்கும் விசைப்பலகைகளும், ஆண்ட்ராய்டின் பல விசைப்பலகைகளும் ஒரு சொல்லை முடிக்கும்வரை அதைத் தற்காலிக நிலையில், அடிக்கோட்டோடு வைத்திருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் டாமை (உலாவி வைத்திருக்கும் பக்கத்தின் டேக், எழுத்து அமைப்பை) மாற்றினால் விசைப்பலகை தன் பிடியை இழந்து, 'அம்மா' என்பது 'அஅம்அம்மா' போலக் கொட்டும். இந்தத் தற்காலிக நிலையைக் காட்டும் இஸ்கம்போசிங் உண்மையாக இருக்கும்போது வரையாமல், அது முடிந்ததைச் சொல்லும் கம்போசிஷன்எண்டு ஈவென்ட் வந்ததும் வரைவது ஒரு தடுப்பு. ஆனால் கைபேசியில் இடைவெளி தட்டும்வரை வண்ணம் வராது. மேல்பெட்டி, பின்பெட்டி அமைப்பில் இந்தத் தொல்லையே இல்லை, பின்னால் என்ன வரைந்தாலும் விசைப்பலகை பிடித்திருக்கும் பெட்டியை யாரும் தொடுவதில்லை. தமிழில் எழுதுவோருக்கு நான் இந்த அமைப்பையே சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

கன்டென்ட்எடிட்டபிள்தான் வேண்டும் என்று இருந்தால் டேக்கே சேர்க்காமல் வண்ணமிடும் கஸ்டம் ஹைலைட் ஏபிஐ இருக்கிறது. குரோம் 105, சஃபாரி 17.2, 2025-இல் வந்த ஃபயர்பாக்ஸ் 140 முதல் கிடைக்கிறது. தொடக்க இடம், முடிவு இடம் கொண்ட ரேஞ்சுகளைப் பதிவு செய்தால் போதும், டாம் மாறாது, கர்சரும் அன்டூவும் பிழைக்கும். பின்னணி, எழுத்து நிறம், அடிக்கோடு போன்றவை மட்டும் மாற்றலாம், அகலத்தை மாற்றும் எதற்கும் அனுமதி இல்லை. டெக்ஸ்ட்ஏரியாவின் உள்ளெழுத்துக்கு இது செல்லாது, ரேஞ்ச் அதற்குள் நுழைய முடியாது. அந்த டிவ்வைப் ப்ளெயின்டெக்ஸ்ட்-ஒன்லி நிலையில் வையுங்கள், ஒட்டும்போது வேண்டாத டேக்குகள் உள்ளே வராது.

டெக்ஸ்ட்ஏரியாவிலேயே கர்சர் கடைசிக்குத் தாவினால், யாரோ அதன் மதிப்பைத் திரும்ப எழுதுகிறார்கள். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில், மதிப்பை அது நினைவில் வைக்கும் ஸ்டேட்டுக்குத் தாமதமாக அனுப்பினால் இப்படி ஆகும். இன்புட் ஈவென்டுக்குள்ளேயே உடனடியாக ஸ்டேட்டை மாற்றுங்கள்.

எழுதும்போது இழுக்கிறது

வழக்கமான அறிவுரை டீபவுன்ஸ், அதாவது தட்டுவது நின்ற பிறகு வரைவது. இங்கே அது பொருந்தாது. பயனர் முதல் வரியில் ஒரு எழுத்தைச் சேர்த்தாலே பின்பெட்டியின் நகல் பழசாகிவிடும், வரையும்வரை எல்லா வண்ணமும் தவறான இடத்தில் நிற்கும். ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேமில் ஒரு முறை வரைவது போதும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ 16.7 மில்லிசெகண்டு கிடைக்கிறது, ஒரு நீண்ட கட்டுரைக்கு அது தாராளம். அதற்கும் மேல் என்றால் பின்பெட்டியைப் பத்தி பத்தியாகத் தனித்தனி டிவ்வாகப் பிரித்து, மாறிய பத்தியை மட்டும் திரும்ப வரையுங்கள். தேடல் சொல் மாறும்போது மட்டும் எல்லாவற்றையும் வரைய வேண்டியிருக்கும். அந்த ஒரு இடத்தில் சிறு தாமதம் வைத்தாலும் யாருக்கும் உறுத்தாது.

திரைவாசிப்பான் எல்லாவற்றையும் இரண்டு முறை படிக்கிறது

எழுத்து ஒளிபுகும் நிறத்தில் இருந்தாலும் திரைவாசிப்பானுக்கு அது எழுத்துதான். உலாவியின் சொந்தத் தேடலும் ஒவ்வொரு சொல்லையும் இரண்டாக எண்ணும். பின்பெட்டிக்கு இனர்ட் பண்பைக் கொடுங்கள். திரைவாசிப்பான், டேப் விசை, சுட்டி, உலாவித் தேடல் அனைத்துக்கும் அது இல்லாததாகிவிடும். அப்புறம், பார்வையற்ற பயனருக்கு மஞ்சள் நிறம் எதையும் சொல்லாது. ஏரியா-லைவ் (aria-live) பொலைட் என்று குறித்த, மாறினால் திரைவாசிப்பான் தானாகப் படிக்கும் ஒரு சிறு இடத்தில் '7 இடங்களில் உள்ளது' என்று எண்ணிக்கையை எழுதுங்கள். அதை மட்டும் ஒவ்வொரு தட்டலுக்கும் மாற்றாமல், தட்டுவது நின்ற பிறகு மாற்றுங்கள், இல்லாவிட்டால் அவர் எழுதுவதைக் கேட்க விடாமல் அது பேசிக்கொண்டே இருக்கும்.